ஊரை அடைக்கும் முன்

நல்லகுண்டா ஃபீவர் ஆஸ்பத்திரியை இவ்வூர்ப் பெரியவர்கள் இன்றும் ‘கோரண்டி தவாகானா’ என்பார்கள். குவாரண்டைன் என்ற சொல் இங்குள்ளவர் நாவில் உருண்டு கோரண்டி ஆகிவிட்டது. தொற்றுநோய்க்காரரைத் தனியே வைப்பது ஹைதராபாத்துக்குப் புதிதல்ல. அப்படி வைக்கப்படுபவர் சோற்றுக்கு என்ன செய்வார் என்பதைத்தான் 2020-ல் நாம் தாமதமாகக் கேட்டோம்.

ரயில்வேயில் தண்டவாளப் பராமரிப்பில் 36 வருடம் இருந்தவன் நான். இரண்டு மணி நேரம் லைன் பிளாக் வேண்டுமென்றால்கூட முன்கூட்டியே அனுமதி வாங்குவோம். எந்த வண்டி எந்த ஸ்டேஷனில் நிற்கும், அங்கே பயணிகளுக்குத் தண்ணீர் உண்டா என்று பார்த்த பிறகே வேலை தொடங்கும். 2020 மார்ச் 24 அன்று இரவு எட்டு மணிக்கு அறிவிப்பு, நள்ளிரவு முதல் நாடே அடைப்பு! பயணிகள் ரயில் அதற்கு முன்பே நின்றாயிற்று. அடைப்பே கூடாது என்று நான் சொல்லவில்லை. காந்தி ஆஸ்பத்திரியைக் கொரோனாவுக்கென்றே ஒதுக்கித் தயார் செய்ய அவகாசம் தேவைப்பட்டது. ரேஷன் கார்டு இல்லாத வெளிமாநிலத் தொழிலாளருக்கும் 12 கிலோ அரிசி, 500 ரூபாய் என்று தெலங்கானா அரசு அறிவித்ததும் நல்ல காரியமே. ஆனால் கூலி நின்றுபோன குடும்பத்துக்கு 500 ரூபாய் எத்தனை நாள் வரும்?

சங்காரெட்டி அருகே கந்தியில் ஐ.ஐ.டி. கட்டட வேலைக்கு வந்தவர்கள், ஊருக்கு அனுப்புங்கள் என்று ஏப்ரல் கடைசியில் போராடினார்கள். மே 1 விடியற்காலை லிங்கம்பள்ளியிலிருந்து ஜார்க்கண்டின் ஹதியாவுக்கு, நாட்டிலேயே முதலாவதாக, அவர்களுக்கென்று தனி ரயில் விட்டார்கள். 24 பெட்டிகள், சுமார் 1,200 பேர். 72 பேர் படுக்கும் பெட்டியில் 54 பேர்தான். ஏறும் முன் பரிசோதனை. ஆக, ஒழுங்காகச் செய்ய நமக்குத் தெரியும். மார்ச்சிலேயே செய்திருக்கலாம் என்பதே என் வாதம்.

“ஜனங்களுக்குக் கட்டுப்பாடு போதாது” என்று நம் நண்பர்களே அப்போது பேசினார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். 1897-ல் பிளேக் வந்தபோது புனேயில் சிப்பாய்கள் வீடு புகுந்து சோதித்தார்கள். ஜனங்கள் நோயாளிகளை ஒளித்து வைத்தார்கள். பயந்தவன் மறைப்பான், பசித்தவன் வெளியே வருவான். இதில் கட்டுப்பாடு எங்கே வந்தது?

யாரையும் மிரட்டாமலே நோயை அளக்கவும் வழி உண்டு. ஹப்சிகுடாவில் உள்ள சி.சி.எம்.பி. விஞ்ஞானிகள் 2020-ல் நகரின் சாக்கடை நீரைச் சோதித்தே, சுமார் 6.6 லட்சம் பேரைத் தொற்று தொட்டிருக்கலாம் என்று கணக்கிட்டார்கள். ஆஸ்பத்திரிக் கணக்கில் வந்தவர்களோ அதில் ஒரு சிறு பங்குதான். என்னைக் கேட்டால், குடிநீர்ச் சோதனை போல இதையும் நிரந்தர வேலையாகவே வைத்திருக்க வேண்டும்.

நம் சங்கத்துக்கும் ஒரு யோசனை. தனியே இருக்கும் முதியவர்கள், தெலுங்கு தெரியாமல் புதிதாக வேலைக்கு வந்திருக்கும் பிள்ளைகள் ஆகியோரின் பட்டியல் பேட்டைவாரியாக நம்மிடம் இருக்க வேண்டும். யார் யாருக்குச் சாப்பாடும் மருந்தும் கொண்டுபோய்த் தருவது என்பதையும் இப்போதே முடிவு செய்துவிடலாம். பொங்கல் விழா ரசீதுப் புத்தகத்தோடு எப்படியும் வீடு வீடாகப் போகிறோம். கூடவே ஒரு நோட்டுப் புத்தகமும் எடுத்துப் போனால் போதும்.