குறட்டைக்குச் சிரிக்கிறவர்களுக்கு

எங்கட ஆக்களுக்குக் குறட்டை என்றால் பகிடி. ஹொஸ்டலில் ஒருத்தன் குறட்டை விட்டால் விடிய முன்னம் அது வட்ஸ்அப் குழுவில் வோய்ஸாக வந்துவிடும். கலியாண வீட்டுக் கதிரையில் வாயைத் திறந்தபடி நித்திரை கொள்ளுகிற பெரியப்பாவைப் படமெடுக்காத குடும்பம் இருக்கிறதா? விரிவுரையில் கண் சொருகினால் 'கும்பகர்ணன்' என்று பட்டம். நித்தியம் கேட்கப் போய் நாக்குப் பிசகி நித்திரை கேட்டுவிட்டான் என்றுதான் அம்மம்மாமார் கும்பகர்ணன் கதையைச் சொன்னவை. அதாவது பாவம், அந்த மனுசனுக்கு அது சாபம். பட்டம் வைக்கிற ஆட்களுக்குக் கதையின் அந்தப் பாதி தேவைப்படுவதில்லை.

இந்தப் பகிடிக்கு ஒரு விலை இருக்கிறது. அதை எங்களுக்குத் தெரிந்த ஆட்களே கட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்பதால்தான் இதை எழுதுகிறோம்.

குறட்டை விடுகிற ஆளுக்குப் பக்கத்தில் படுத்திருந்தால் சத்தத்தை விட அது நிற்கிற இடத்தைக் கவனியுங்கள். நித்திரையில் எல்லோருக்கும் தொண்டைத் தசை தளரும். சிலருக்கு அந்தத் தளர்வில் மூச்சுப் பாதை ஒட்டிக்கொள்ளும். நெஞ்சு இழுக்கப் பார்க்கும், காற்று போகாது. பத்து விநாடி, இருபது விநாடி, சிலருக்கு அதைவிடக் கூட. இரத்தத்தில் ஒட்சிசன் இறங்கும். மூளை ஆளை உலுப்பும். ஒரு பெரிய உறுமலோடு மூச்சுத் திரும்பும். காலமை எழும்பினால் ஒன்றும் ஞாபகம் இராது, "நல்ல நித்திரை" என்றுகூடச் சொல்லுவார். ஆனால் தலை இடிக்கும், பின்னேரம் கண் தானாக மூடும். இதுதான் ஸ்லீப் அப்னியா. 10 விநாடிக்குக் குறையாமல் மூச்சு நிற்பதும் பாதியாய்க் குறைவதும் மணித்தியாலத்துக்கு எத்தனை தரம் நடக்குது என்று எண்ணுவார்கள். 5க்குக் கீழே என்றால் பயமில்லை. 15 வரைக்கும் லேசு, 30 வரைக்கும் நடுத்தரம், அதற்கு மேலே கடுமை. 30இலிருந்து 69 வயதுக்குள் உலகத்தில் 93 கோடிக்கு மேற்பட்டவர்களுக்கு இது ஏதோ ஓர் அளவில் இருக்கலாம் என்று 2019இல் லான்செட் குழும மருத்துவ இதழொன்றில் வந்த கணக்குச் சொல்கிறது. உயர் இரத்த அழுத்தம், இருதய வருத்தம், பாரிசவாதம் எல்லாவற்றோடும் இதற்குச் சொந்தம் இருக்கிறது.

எங்கட குழுவில் இருக்கிற ஒருத்தியின் அப்பாவுக்கு வந்த எண் 41.

அவர் லொறி ஓடுகிறவர். தம்புள்ளையில் மரக்கறி ஏற்றி இரவோடிரவாக யாழ்ப்பாணம் வருவார். பல வருசமாகப் பிறசர் கிளினிக் கொப்பியோடு மாதா மாதம் வரிசையில் நின்றவர். குளிசை ஒன்று இரண்டாகி, இரண்டு மூன்றானது. உப்பைக் குறை என்றார்கள், யோசிக்காதே என்றார்கள். இரவில் எப்படி நித்திரை கொள்ளுறீர் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. கடைசியில் மகள்தான் ஒரு இரவு போனில் வீடியோ எடுத்தாள். பகிடிக்கு எடுக்கவில்லை, பயத்தில் எடுத்தாள். அதற்குப் பிறகு பிரைவேட்டில் ஒரு ஈ.என்.ரீ டொக்டரைச் சனல் பண்ணி, கொழும்புக்குப் போய், உடம்பெல்லாம் வயர் ஒட்டி ஒரு இரவு படுத்து எடுத்த எண் அது. கேள்விப்பட்ட அயலவர் ஒருத்தர் சொன்ன வசனம்: "குறட்டைக்கும் ஆஸ்பத்திரியோ? வேலையில்லாத வருத்தம்." இரவு முழுக்க லொறி ஓடுகிற மனுசனைப் பார்த்துச் சொன்ன வசனம் இது.

இனி என்ன செய்வது என்று அந்த வீட்டில் நடந்த கணக்குப் பார்த்தலைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

முதலில் எல்லோரும் சொல்லுறது, உடம்பைக் குறை. பிழையான ஆலோசனை இல்லை. எடை குறைந்தால் மூச்சுத்தடையும் குறையும். அமெரிக்காவின் விஸ்கொன்சினில் பல வருசமாக ஆட்களைப் பின்தொடர்ந்த ஆய்வொன்று 2000ஆம் ஆண்டில் ஒரு கணக்குத் தந்தது: எடை 10 சதவீதம் குறைந்தால் அந்த எண் ஏறத்தாழ 26 சதவீதம் குறையும். சரி, 41இல் 26 சதவீதத்தைக் கழியுங்கோ. 30. இன்னும் கடுமையின் வாசற்படியில்தான் நிற்கிறார். அதோடு, சரியான நித்திரை இல்லாத உடம்புக்குப் பசி கூடும், நடக்க மனம் வராது. எடையைக் குறைத்துக்கொண்டு வா, பிறகு பார்ப்பம் என்று அனுப்புவது வைத்தியத்துக்கு வாசலில் ஒரு பூட்டுப் போடுவதுதான். மெலிந்த ஆட்களுக்கும் இது வரும். தாடை சின்னதாய், உள்ளே தள்ளி இருந்தாலே போதும். 'சாப்பாட்டுராமனுக்கு வருகிற வருத்தம்' என்ற நினைப்புப் பழையது. டிக்கன்ஸின் பிக்விக் நாவலில் கதவைத் தட்டித் தட்டியே நித்திரையாகிற குண்டுப் பையன் ஒருத்தன் வருவான். 1956இல் அமெரிக்க வைத்தியர்கள் பருமனோடும் பகல் நித்திரையோடும் வரும் ஒரு மூச்சு நோய்க்குப் 'பிக்விக்' பெயரையே வைத்தார்கள். சிரிக்க வைக்க எழுதின பாத்திரம் நோயின் பெயராகப் போனது. உருவத்தைப் பார்த்து நோயை முடிவுசெய்யும் பழக்கம் அவ்வளவு ஆழம்.

அடுத்தது, கீழ்த்தாடையை முன்னுக்கு இழுத்து வைக்கிற பல் கருவி. லேசுக்கும் நடுத்தரத்துக்கும் நல்லது. மெசினை மூஞ்சியில் போட ஏலாத ஆட்களுக்கும் குடுப்பார்கள். ஆனால் அதைப் பிடித்து வைக்கப் பல் வேணுமே. வெத்திலை போட்டுப் போட்டு அந்த அப்பாவுக்கு இருக்கிற பல்லுகளை எண்ணக் கனநேரம் எடுக்காது.

சத்திரசிகிச்சை? தொண்டையின் பின்பக்கச் சதையை வெட்டிச் சீர்ப்படுத்துவார்கள். சிலருக்குச் சரிவரும், பலருக்கு முழுதாய்ச் சரிவராது, வலி மட்டும் நிச்சயம். சின்னப் பிள்ளைகளின் கதை வேறு. அவர்களுக்குப் பெருத்த ரொன்சிலும் அடினொயிட்டும்தான் அநேகமாகக் காரணம், அவற்றை எடுத்தால் பெரும்பாலானோருக்குச் சுகம் வரும். வாயால் மூச்சுவிட்டு, இரவெல்லாம் புரண்டு, பள்ளிக்கூடத்தில் ஒரு இடத்தில் இருக்க மாட்டாமல் அடிவாங்குகிற பிள்ளையை 'மொக்கு' என்று எழுதிவைக்க முன்னம் தொண்டைக்குள் ஒருக்கால் பார்க்கச் சொல்லுங்கோ. நாக்கின் நரம்பைத் தூண்டும் கருவிக்கு 2014இல் அமெரிக்கா அனுமதி குடுத்தது. உடற்பருமனோடு அப்னியா உள்ளவர்களுக்கு ரிர்செபரைட் ஊசியை 2024 டிசம்பரில் அனுமதித்தது. தம்புள்ளை லொறிக்காரருக்கு இரண்டும் செய்தி மட்டும்தான். பேஸ்புக்கில் விற்கிற மூக்குக் கிளிப், வாய்க்கு ஒட்டுகிற ரேப் பற்றிக் கேட்காதீங்கோ. மூச்சு நிற்கிற மனுசனின் வாயை ஒட்டுவது என்ன வைத்தியம்? 'ஒரு பெக் அடிச்சால் நல்லா நித்திரை வரும்' என்பதும் அந்த ரகம். மது தொண்டைத் தசையை இன்னும் தளர்த்தி நிலைமையை மோசமாக்கும்.

ஆக, மிஞ்சியது மெசின். சீபாப். மாஸ்க் வழியாக அழுத்தத்தோடு காற்றை அனுப்பி மூச்சுப் பாதையைத் திறந்தே வைத்திருக்கும். சிட்னியில் கொலின் சலிவன் என்ற வைத்தியர் 1980இல் முதன்முதல் இதை ஒரு நோயாளிக்குப் போட்டுப் பார்த்தார், ஆரம்ப மெசின்களில் தூசி உறிஞ்சும் மெசினின் மோட்டர்தான் இருந்தது. அதற்கு முன்பு கடுமையான ஆட்களுக்கு இருந்த வழி கழுத்தில் ஓட்டை போடுவது. மெசின் மாயமருந்து என்று நாங்கள் சொல்லவில்லை. ஏற்கனவே இருதய வருத்தமோ மூளை இரத்தக்குழாய் வருத்தமோ இருந்த 2700 பேர் வரையானவர்களை வைத்துச் செய்த பெரிய ஆய்வொன்று 2016இல் வந்தது. மெசின் போட்டதால் மாரடைப்பும் பாரிசவாதமும் குறைந்ததாக அதில் தெரியவில்லை. ஆனால் இரவுக்குச் சராசரி 3.3 மணித்தியாலம்தான் அவர்கள் அதைப் போட்டிருந்தார்கள். பகல் நித்திரைக் கலக்கம் குறைந்தது, மனநிலை தேறியது. இரவில் லொறி ஓடுகிற ஆளுக்கு அந்த ஒரு பலனே உயிர்தான், றோட்டில் எதிரே வருகிறவருக்கும் சேர்த்து.

விலை? லட்சத்தைத் தாண்டும். மாஸ்க்கும் குழாயும் தேய்ந்தால் திரும்பத் திரும்ப வாங்க வேண்டும். 2022இல் ரூபாய் விழுந்த பிறகு இறக்குமதிச் சாமானின் விலை என்ன ஆனது என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கரண்ட் வேறு வேணும். அந்த வருசம் மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வெட்டினார்கள். 2025 பெப்ரவரியில் பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்ததில் முழு நாடும் நின்றது. பட்டப்பகல் என்றபடியால் மெசின்காரர்கள் தப்பினார்கள்.

அந்த வீட்டுக்கு வழக்கம்போல வெளிநாடுதான் கைகொடுத்தது. ரொரன்ரோ மாமா தன் பழைய மெசினை அனுப்பினார். இங்கே ஒரு எச்சரிக்கை, இது எங்கட சனத்துக்குக் கட்டாயம் தெரிய வேணும். 2021 யூனில் பெரிய உற்பத்தி நிறுவனம் ஒன்று, சத்தத்தைக் குறைக்க உள்ளே வைத்த நுரைப்பஞ்சு சிதைந்து மூச்சோடு போகலாம் என்று லட்சக்கணக்கான மெசின்களைத் திரும்ப அழைத்தது. சூட்கேசில் வருகிற பழைய மெசின் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று இலக்கத்தைப் பாருங்கோ. மாமாவுடையது பட்டியலில் இல்லை. ஆனால் அழுத்தம் மாமாவின் தொண்டைக்கு வைத்தது. மாமாவின் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அப்பா பேப்பர் வாசிக்கிற மாதிரி. அதைத் திருத்தவும் திரும்பக் கொழும்புதான்.

இலவச சுகாதாரம் என்று பெருமைப்படுகிற நாடு இது, நாங்களும் பெருமைப்படுகிறோம். பிறசர் குளிசையை அரசாங்கம் குடுக்கிறது. பாரிசவாதம் வந்தால் கட்டிலும் குடுக்கும். இரண்டுக்கும் நடுவில் இருக்கிற மெசினை மட்டும் ஏன் மாமா குடுக்க வேணும்? மாமா இல்லாதவர் என்ன செய்வார்? மருந்துக்கே தட்டுப்பாடான நாட்டில் குறட்டைக்கு மெசினா என்று கேட்பார்கள். ஆளுக்கொன்று சும்மா கொடு என்று நாங்கள் கேட்கவில்லை. பிரித்தானியாவின் அரச சுகாதார சேவை மெசினை நோயாளிக்கு இரவலாகத்தான் குடுக்கிறது. வைத்தியசாலையின் சொத்து, தேவைப்படும் மட்டும் வீட்டில் இருக்கும். மாவட்டத்துக்கு ஒரு சில மெசினோடு தொடங்கலாம், முதலில் இரவுச் சாரதிகளுக்கு. ஆளைக் கண்டுபிடிக்க மெசின்கூட வேண்டாம். ரொரன்ரோ வைத்தியர்கள் 2008இல் வெளியிட்ட எட்டுக் கேள்விகள் இருக்கின்றன: குறட்டை, பகல் களைப்பு, மூச்சு நின்றதை யாரும் கண்டார்களா, பிறசர், எடை, வயது, கழுத்தின் சுற்றளவு, ஆணா பெண்ணா. ஒரு தையல் ரேப் போதும். பிறசர் கிளினிக்கிலும் கனரக வாகன அனுமதிப்பத்திரத்துக்கான மருத்துவச் சோதனையிலும் இதைக் கட்டாயமாக்க என்ன தடை?

தடை ஒன்று இருக்கிறது, அதையும் பேசுவம். அந்த அப்பா இன்னும் முதலாளியிடம் சொல்லவில்லை. சொன்னால் லொறி போய்விடும் என்ற பயம். ஏ9இல் விபத்து நடந்தால் செய்தியின் கடைசி வரி எங்களுக்குப் பாடம்: சாரதியின் நித்திரைக் கலக்கமே காரணம். ஏதோ அவர் தலையணையோடு ஏறின மாதிரி. ஏன் நித்திரை வந்தது, எத்தனை இரவு தொடர்ந்து ஓடவிட்டார்கள், அவருக்கு என்ன வருத்தம் என்று அடுத்த கேள்வி வருவதில்லை. முறிகண்டியில் நிறுத்தித் தேங்காய் உடைத்து, முகம் கழுவி, ஒரு பிளேன்ரீ குடிப்பதுதான் எங்கட சாரதிகளுக்குத் தெரிந்த வைத்தியம். வைத்தியம் பெறாத அப்னியா விபத்து ஆபத்தை இரண்டு மடங்களவுக்குக் கூட்டும், ஒழுங்காய் மெசின் போட்டால் அது குறையும். அப்படியென்றால் வருத்தத்தைச் சொல்லி வைத்தியம் எடுக்கிற சாரதி, சொல்லாமல் ஓடுகிறவரை விடப் பாதுகாப்பானவர். பிரித்தானியாவில் பகல் நித்திரை உள்ளவர் ஓட்டத்தை நிறுத்த வேண்டும், நோய் கட்டுக்குள் வந்தால் திரும்ப ஓடலாம். இங்கே திரும்புவதற்கு வழி வைக்காமல் தடையை மட்டும் கொண்டுவந்தால் எல்லோரும் ஒளிப்பார்கள். வீட்டில் மூன்று பிள்ளை இருந்தால் நீங்களும் ஒளிப்பீர்கள்.

இன்னும் ஆழமாக ஒளிப்பவர்கள் பெண்கள். ஆம்பிளை குறட்டை விட்டால் பகிடி, பொம்பிளை விட்டால் வெட்கக்கேடு. கலியாணம் பேசுகிற இடத்தில் இதை யார் வாய் திறந்து சொல்லுவார்? அம்மாமாருக்குச் சத்தம் குறைவாகவும் களைப்பும் தலையிடியும் நித்திரையின்மையும் கூடவும் இருக்கலாம், மாதவிடாய் நின்ற பிறகு ஆபத்தும் ஏறும். "யோசனை கூட, அதுதான்" என்று விற்றமின் குளிசையோடு அனுப்பிவிடுவார்கள். அவையின் நித்திரையை எண்ணிப் பார்க்க வீட்டில் முழித்திருக்கிற ஆளும் இல்லை, கடைசியாகப் படுக்கிறதே அவைதான்.

எங்கட தலைமுறையின் கையில் எப்படியும் போன் இருக்கிறது. இரவு ஒரு மணிக்கும் நாங்கள் முழிப்புத்தான். அப்பா, அம்மா, பக்கத்துக் கட்டில் நண்பன், யாராயிருந்தாலும் சத்தம் நிற்கிற இடத்தில் விநாடியை எண்ணுங்கோ. வீடியோ எடுங்கோ, குழுவில் போடாதீங்கோ. அடுத்த கிளினிக் நாளில் கொப்பியோடு சேர்த்து அதை டொக்டரின் மேசையில் வையுங்கோ. அவர் கேட்காவிட்டாலும்.