மரபணு தலையெழுத்தன்று

ரந்தாவ் வட்டாரத் தோட்டங்களில் பால்மரம் போய்ச் செம்பனை வந்து பல்லாண்டுகள் ஆகின்றன. பிள்ளைக்குக் குருதிப் புற்றுநோய் என்று கேட்டவுடன் 'எல்லாம் தலையெழுத்து' எனக் கைவிரிக்கும் பழக்கம் மட்டும் போகவில்லை. இதற்குத் தமிழ்த் திரைப்படமும் ஒரு காரணம். நாயகன் சாகவேண்டுமென்றால் கதாசிரியருக்கு எளிதில் அகப்படும் நோய் இதுதான். 1982இல் வந்த 'பயணங்கள் முடிவதில்லை' ஒன்றே போதும்.

இப்பொழுது அத்தலையெழுத்துக்கு அறிவியல் பெயரும் கிடைத்துவிட்டது. 'மரபணு மாற்றம், உயர் இடர்ப்பிரிவு' என்று மருத்துவ அறிக்கை கூறினால், 'மரபு' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு, பாட்டன் வழியா, தாய் வழியா எனக் குலம் ஆராயத் தொடங்கிவிடுகின்றனர். மூத்த மகளின் திருமணம் தடைப்படுமோ என்றஞ்சி நோயை மறைப்போரும் உளர். என்னே பேதைமை! இங்கே மருத்துவர் குறிப்பது, மிகப் பெரும்பாலும், புற்றணுக்களில் மட்டும் தோன்றிய மாற்றம். பெற்றோர் வழிவந்த சொத்தன்று. சொற்பொருள் விளக்கவேண்டிய தமிழாசிரியரே வாளாவிருந்தால் வேறு யார் விளக்குவர்?

'உயர் இடர்' என்பது இறப்புச் சான்றிதழும் அன்று. மலேசிய, சிங்கப்பூர் மருத்துவர்கள் கூடி நடத்திய ஆய்வுகளே இதற்குச் சான்று. இக்காரோஸ் எனும் மரபணுவின் பகுதி அழிந்த சிறார்க்கு நோய் திரும்பும் வாய்ப்பு மிகுதி என்று 2003ஆம் ஆண்டுத் திட்டத்தில் சேர்ந்த சிறாரிடம் கண்டனர். 2010ஆம் ஆண்டுத் திட்டத்தில் அத்தகையோர்க்கு மருந்தின் கடுமையைக் கூட்டினர். ஐந்தாண்டுக்குள் நோய் மீண்டோர் 30.4 விழுக்காட்டிலிருந்து 13.5 ஆகக் குறைந்தனர், உயிர்வாழ்ந்தோர் 69.6 விழுக்காட்டிலிருந்து 91.6 ஆக உயர்ந்தனர். பிலடெல்பியா குரோமோசோம் கொண்ட சிறாரின் நிலை முன்பு இதனினும் கொடிது. இன்று, மற்ற மருந்துகளோடு, இமாட்டினிப் போன்ற மாத்திரைகள் அவ்வணுக்களையே குறிவைத்துத் தாக்குகின்றன. மாற்றத்தைக் கண்டறிந்ததனால் விளைந்த நன்மை இது. அறியாது விட்டிருந்தால் இவர்கட்கும் மற்றவர்க்குரிய அதே மருந்து, அதே அளவு.

ஆனால் மருந்து ஏறத்தாழ ஈராண்டு தொடரவேண்டும். முதல் மாதத்திலேயே காய்ச்சல் தணிந்து பிள்ளை ஓடியாடத் தொடங்கலாம். 'குணமாகிவிட்டதே' என்று பாதியில் நிறுத்துவது அங்கேதான். தாயத்தும் நாட்டு மருந்தும் நுழைவதும் அங்கேதான். பதினாயிரத்தில் ஒன்றாக எஞ்சிய புற்றணுவையும் ஆய்வுக்கூடம் காணும். தாயின் கண் காணாது.

பேருந்துச் செலவும் இழந்த நாட்கூலியும் ஏழைக்குப் பாரமே, மறுப்பார் இலர். தைப்பூசத்திற்குப் பத்துமலை செல்லப் பேருந்து அமர்த்தும் தோட்டத்துக் கோயில் குழு, மருத்துவத்திற்குக் கோலாலம்பூர் செல்லும் ஒரு பிள்ளைக்கு வண்டி அமர்த்தினால் முருகன் கோபிப்பானோ?