கோடை வந்தால் சடை நாய்க்கு மொட்டையா?



பங்குனி பிறந்தால் போதும், வாட்ஸ்அப்பில் எனக்கு ஒரே கேள்வி வரத் தொடங்கிவிடுகிறது. "சார், நம்ம வேலூர் வெயில் உங்களுக்குத் தெரியாததா? நாய்க்கு மொட்டை அடிச்சிடலாமா?" எங்கள் வீட்டில் ஒரு ஷிட்ஸு வளர்வதால் என்னைக் கேட்கிறீர்கள். ஆளுக்கொரு பதில் எழுதுவதைவிட எல்லோருக்கும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான். பொறுமையாகப் படியுங்கள்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாய்க்கு எந்த மாதிரி முடி வெட்டுவது என்பதை அதன் முடி எந்த வகை, அதைச் சீவ நமக்கு எவ்வளவு நேரம் இருக்கிறது என்ற இரண்டையும் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். வெயிலைப் பார்த்து மொட்டை அடிப்பதும் தவறு, போனில் வந்த படத்தைப் பார்த்து வெட்டச் சொல்வதும் தவறு.

மொட்டை நமக்கு நல்ல விஷயம். திருப்பதிக்கும் திருத்தணிக்கும் போய் முடி இறக்கிவிட்டு வந்தால் தலை குளுகுளுவென்று இருக்கிறது. அதே கணக்கை நாய்க்கும் போடுகிறோம். ஆனால் நமக்கு உடம்பு முழுக்க வியர்க்கும். வியர்வை காற்றில் உலரும்போது தோல் குளிர்கிறது. நாய்க்கு வியர்ப்பது பெரும்பாலும் உள்ளங்கால்களில் மட்டும்தான். மற்றபடி அது நாக்கைத் தொங்கப் போட்டு இரைத்துத்தான் சூட்டை வெளியேற்றுகிறது. ஆகவே முதுகை மழித்தால் நமக்குக் கிடைக்கும் குளிர்ச்சி அதற்குக் கிடைக்காது. வெயில் நேராகத் தோலில் இறங்கும், அவ்வளவுதான். வெள்ளை முடிக்குக் கீழே இளஞ்சிவப்புத் தோல் உள்ள நாய் என்றால் தோல் வெந்தே போகும்.

இப்போது முடியின் வகைக்கு வருவோம். நம் தெருக்களில் பார்க்கும் சிறிய சடை நாய்களை இரண்டு கூட்டமாகப் பிரிக்கலாம்.

முதல் கூட்டம் பொமரேனியன். நம் ஊரில் பொமரேனியன் என்று அழைக்கப்படுவதில் பெரும்பாலானவை உண்மையில் இந்தியன் ஸ்பிட்ஸ். 1994இல் வந்த 'ஹம் ஆப்கே ஹைன் கோன்' இந்திப் படத்தில் வரும் வெள்ளை நாய் டஃபி அந்த இனம்தான். இரண்டுக்கும் முடி இரண்டு அடுக்காக இருக்கும். உள்ளே பஞ்சு போல மெல்லிய முடி, அதன்மேல் சற்று விறைப்பான நீள முடி. உள்முடி பருவத்துக்குப் பருவம் கொத்துக் கொத்தாக உதிரும். அதைச் சீவி எடுத்துவிட்டால் மேல்முடி வெயிலைத் தடுக்கும், காற்றும் உள்ளே போய் வரும். வீட்டுக்குக் கூரை மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். புழுக்கமாக இருக்கிறது என்று யாரும் கூரையைப் பிரிப்பதில்லையே.

இந்த வகை நாய்க்கு மொட்டை அடித்தால் உள்முடி முதலில் முளைத்துவிடும், மேல்முடி பின்தங்கிவிடும். முடி திட்டுத் திட்டாக, கம்பளி போலச் சுருண்டு வரும். சில நாய்களுக்கு ஓராண்டு கடந்தும் சரியாக வளர்வதில்லை. சிலவற்றுக்குப் பழையபடி வளர்வதே இல்லை. ஆகவே பொமரேனியனுக்கும் ஸ்பிட்ஸுக்கும் என் யோசனை ஒன்றுதான்: மெஷினே வேண்டாம். பாதத்தைச் சுற்றி, ஆசனவாயைச் சுற்றி, காது ஓரத்தில் கத்தரியால் லேசாக ஒழுங்கு செய்தால் போதும்.

"பொம்மை மாதிரி உருண்டையாக வெட்டிய படங்கள் வருகின்றனவே சார்?" என்று கேட்பீர்கள். அமெரிக்காவில் பூ என்று ஒரு பொமரேனியன் இருந்தது. கரடிப் பொம்மை போன்ற அதன் முகத்தை ஃபேஸ்புக்கில் ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் பின்தொடர்ந்தார்கள். 2019 ஜனவரியில் இறந்துபோனது. இன்றும் அந்த மாதிரி படங்களை எடுத்துக்கொண்டு கடைக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். படத்தில் இருப்பது ஒரு நாள் தோற்றம். வெட்டிய பின் வரும் முடியோடு வாழப்போவது உங்கள் வீட்டு நாய்.

இரண்டாம் கூட்டம் ஷிட்ஸு, லாசா ஆப்சோ, மால்டீஸ். லாசா ஆப்சோ திபெத்து நாய், பெயரிலேயே ஊர் இருக்கிறது. ஷிட்ஸு சீன அரண்மனையில் வளர்ந்தது. பெயருக்குச் சிங்கம் என்று பொருள். இவற்றின் முடி நம் தலைமுடி போல வளர்ந்துகொண்டே போகும், உதிர்வது குறைவு. போட்டிக்குக் கொண்டுபோகும் ஷிட்ஸுவுக்குத் தரையைத் தொடும் முடியும் உச்சிக் குடுமியும் அழகுதான். ஆனால் அந்த அழகுக்குத் தினமும் உட்கார்ந்து சீவ ஆள் வேண்டும். காலை ஏழு மணிக்கு ஷூ கம்பெனி பஸ் பிடிக்கும் வீட்டில் அதற்கு ஏது நேரம்?

சீவாமல் விட்டால் முடி சிக்குப் பிடித்துக் கட்டியாகிவிடும். காதுக்குப் பின்னால், அக்குளில், கழுத்துப்பட்டைக்கு அடியில், பின்தொடை இடுக்கில் முதலில் பிடிக்கும். சிக்கு இறுகினால் நாய் அசையும்போதெல்லாம் தோலை இழுக்கும். அதற்கு அடியில் ஈரம் தங்கிப் புண் வரும், உண்ணி ஒளிந்துகொள்ளும். உண்ணி கொண்டுவரும் காய்ச்சல் நாயின் உயிரையே எடுக்கக்கூடியது.

ஆகவே ஷிட்ஸுவுக்கும் லாசாவுக்கும் நான் சொல்வது 'பப்பி கட்'. உடம்பு முழுவதும் ஒரே சீராக ஒரு அங்குலம், அல்லது சற்றுக் குறைவு. தோலுக்குப் பாதுகாப்பு உண்டு, சிக்கும் அதிகம் பிடிக்காது. ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒரு முறை வெட்டி, ஒன்றுவிட்டு ஒரு நாள் பத்து நிமிடம் சீவினால் போதும். மூக்குக்கு மேலே கண்ணை நோக்கி வளரும் முடியைக் கட்டாயம் குறைக்கச் சொல்லுங்கள். ஷிட்ஸுவின் கண் வெளியே துருத்தியிருக்கும், முடி உரசி உரசிக் கருவிழியில் புண் வந்துவிடும்.

மொட்டை அறவே கூடாது என்று நான் சொல்லவில்லை. சிக்கு தோலோடு ஒட்டிப்போயிருந்தால் பிடித்து இழுத்துச் சீவுவது சித்திரவதை, அங்கே மழிப்பதுதான் கருணை. தோல் நோய்க்கோ அறுவை சிகிச்சைக்கோ மருத்துவர் மழிக்கச் சொன்னாலும் மறுபேச்சு வேண்டாம்.

தோலைப் பற்றி ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டைப் பிள்ளைகளுக்கு நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை. உங்களில் பலர் தோல் தரம் பிரிக்கும் மேசையில் நிற்கிறீர்கள். ஆடு உயிரோடு இருந்தபோது முள் கீறிய தடமும் உண்ணி கடித்த புள்ளியும் பதனிட்ட தோலில் தெரிகிறது, அதனால் தரம் இறங்குகிறது என்று எனக்கு விளக்கியவர்களே நீங்கள்தான். அந்தக் கண்ணை வீட்டு நாயின் மீதும் கொஞ்சம் வையுங்கள். நாயின் மேல்தோல் நம்முடையதைவிட மெல்லியது. ஓடி ஓடிச் சூடேறிய மெஷின் பிளேடு பட்டால் சுட்டுவிடும். நாய் வாய்விட்டுச் சொல்லாது, இரண்டு நாள் அந்த இடத்தையே நக்கிக்கொண்டிருக்கும்.

கடைக்குக் கொண்டுபோனால் 'சம்மர் கட்' என்று மட்டும் சொல்லிவிட்டு வராதீர்கள். எத்தனை அங்குலம் விட வேண்டும் என்று விரலால் காட்டிச் சொல்லுங்கள். பிளேடு சூடாகிறதா என்று தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். தட்டை மூக்கு நாயைக் கூண்டில் அடைத்துச் சூடான காற்றில் உலர்த்தினால் மூச்சுத் திணறும், அதைச் சம்மதிக்காதீர்கள். பேரப்பிள்ளை ஆசைப்படுகிறான் என்று நாய்க்கு நம் தலைச் சாயத்தைப் பூசுவதும் வேண்டாம். அது நக்கி விழுங்கிவிடும். வீட்டிலேயே வெட்டுவதானால் முதலில் சீவிவிட்டுப் பிறகு குளிப்பாட்டுங்கள். சிக்கோடு நனைந்தால் முடி இன்னும் இறுகும். நுனி மழுங்கிய கத்தரி போதும். தோலுக்கும் கத்தரிக்கும் நடுவே சீப்பை வைத்துக்கொண்டு வெட்டுங்கள்.

வெயிலுக்கு என்ன செய்வது என்றால், நிழல், மின்விசிறி, எப்போதும் நிறைந்திருக்கும் தண்ணீர்க் கிண்ணம், ஈரத் துணி விரித்த தரை. நடை பழக்குவது விடியற்காலையிலும் இருட்டிய பிறகும் மட்டும். அக்னி நட்சத்திரத்தில் தார்ச்சாலையில் உங்கள் புறங்கையை ஐந்து விநாடி வைத்துப் பாருங்கள். உங்களால் முடியாவிட்டால் நாயின் காலுக்கும் முடியாது.

ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை என்று நம் மண்ணின் நாய்கள் எல்லாம் குட்டை முடி நாய்கள். சடை நாயை இந்த வெயில் ஊருக்குக் கொண்டுவந்தது நாம்தான். அதன் முடியைப் பராமரிக்கும் வேலையும் நம்முடையதுதான். இன்று இரவு சாப்பிட்டதும் ஒரு எஃகுச் சீப்பை எடுத்து, காதுக்குப் பின்னாலிருந்து வால்வரை அடித்தோல் தொடும்படி ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். தடையில்லாமல் போனால் இந்தக் கோடைக்கு மெஷின் தேவையில்லை. எங்கே சிக்குகிறதோ அங்கே மட்டும் வேலை இருக்கிறது.

கால்நடை மருத்துவம் படித்த என் மாணவர்கள் யாராவது இதைப் படித்தால், சேர்க்க வேண்டியதைக் கீழே எழுதுங்கள். மற்றவர்களுக்கும் பயன்படும்.