அந்த 125-வது ஆன்டிபாடி!

'ஃபுல் பாடி செக்-அப், கேன்சர் மார்க்கரும் சேர்த்து, ஸ்பெஷல் ரேட்!'னு உங்க செல்லுக்கும் மெசேஜ் வருதா? அம்மாவுக்கு புக் பண்றதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம்.

சினைப்பை கேன்சருக்கு எடுக்கிற ரத்தப் பரிசோதனை சி.ஏ. 125. அது ஒரு புரதம். ரத்தத்துல ஆயிரக்கணக்கான புரதங்கள் மிதக்குது. ஞாயித்துக்கிழமை சாயந்திரம் நம்ம பீச் ரோட்டுல கூடுற கூட்டத்துக்குள்ள ஒரே ஒரு ஆளைத் தேடுற கதைதான். தேடிப் பிடிக்கிற ஆள், மோனோகுளோனல் ஆன்டிபாடி.

எலிக்கு ஊசி போட்டா, அதோட மண்ணீரல்ல இருக்கிற செல்கள் ஆன்டிபாடி தயாரிக்கும். ஆனா வெளியே எடுத்து வளர்த்தா, சில நாள்லயே அவுட். கேன்சர் செல்லோ சாகவே சாகாது. ஆனா உருப்படியா ஒண்ணும் செய்யாது. 1975-ல் கேம்பிரிட்ஜில் ஜார்ஜ் கோலர், சீசர் மில்ஸ்டீன் ரெண்டு பேரும் இந்த ரெண்டு செல்லையும் ஒட்டிட்டாங்க. ஒரே மாதிரி ஆன்டிபாடியை ஜெராக்ஸ் மிஷின் கணக்கா தள்ளிக்கிட்டே இருந்தது அந்தக் கலப்பு செல்! 1984-ல் நோபல் பரிசு. பேட்டன்ட்? வாங்கவே இல்லை.

1981-ல் அமெரிக்காவில் ராபர்ட் பாஸ்ட் குழு, சினைப்பை கேன்சர் செல்லைப் பிடிக்கிற ஆன்டிபாடியைத் தேடுச்சு. ஒவ்வொண்ணா டெஸ்ட் பண்ணி, 125-வதுல சிக்குச்சு. பேர்ல இருக்கிற 125 அதுதான். நம்ம அரியர் கணக்கெல்லாம் எம்மாத்திரம்!

லேப்ல நடக்கிறது சிம்பிள். கிண்ணத்தோட அடியில ஒட்டியிருக்கிற ஆன்டிபாடி, ரத்தத்துல இருக்கிற புரதத்தைப் பிடிச்சுக்கும். என்சைம் கட்டின இன்னொரு ஆன்டிபாடி மேலே வந்து உட்காரும். ரசாயனம் சேர்த்தா நிறம் வரும். நிறம் அடர்த்தியா இருந்தா புரதம் அதிகம். ஒரு மில்லிக்கு 35 யூனிட்டைத் தாண்டினா ரிப்போர்ட்ல 'ஹை'.

அந்த 'ஹை'யைப் பார்த்ததும் வீடே இடிஞ்சு உட்கார்ந்துடும். ஆனா மாதவிடாய், ஆரம்பகால கர்ப்பம், ஃபைப்ராய்டு, வயித்துல காசநோய்னு எதுலயும் இது ஏறலாம். இன்னொரு பக்கம், முதல் ஸ்டேஜ் சினைப்பை கேன்சர்ல கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு நார்மல்னே காட்டும். ஆன்டிபாடி புரதத்தைத்தான் பிடிக்குது, நோயை இல்லை!

பிரிட்டனில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களை வெச்சு நடந்த ஆய்வின் முடிவு 2021-ல் வந்தது. அறிகுறியே இல்லாதவங்களுக்கு இந்த டெஸ்ட்டை வருஷா வருஷம் எடுத்தும், சினைப்பை கேன்சர் சாவு குறையலை.

அப்போ வேஸ்ட்டா? இல்லை பாஸ். கேன்சர்னு உறுதியானவங்களுக்கு சிகிச்சை வேலை செய்யுதா, திரும்ப வருதான்னு பார்க்க இது நல்ல துணை. அறிகுறி இருக்கிறவங்களுக்கு ஸ்கேனோட சேர்த்து டாக்டர் எழுதினா, தாராளமா எடுக்கலாம்.

'கேஸ் டிரபிள்டா, தானா சரியாயிடும்'னு அம்மா சொல்றாங்களா? வயிறு உப்புசம், கொஞ்சம் சாப்பிட்டாலே நிறைஞ்ச உணர்வு, அடிவயித்து வலி... இதெல்லாம் ரெண்டு மூணு வாரமா விடலைன்னா, ஆஃபரை விடுங்க. கோரிமேடு ஜிப்மர்ல புற்றுநோய்க்குன்னு தனி மையமே இருக்கு. முதல்ல டாக்டர், அப்புறம் டெஸ்ட்.

பசங்களா, உங்களுக்கும்தான்! விதைப்பையில வலியில்லாத கட்டி தட்டுப்பட்டா, கூச்சத்தை ஹாஸ்டல்லயே விட்டுட்டுக் கிளம்புங்க. அது இளவட்டங்களைத் தேடி வர்ற கேன்சர். சீக்கிரம் போனா, பெரும்பாலும் முழுசா குணமாகும்.

அடுத்த வாரம் பார்ப்போம்!