தளிர்க்கும்வரை காத்திராமல்

ஜப்பானின் வடகோடித் தீவான ஹொக்கைடோவில் குஷாரோ என்னும் ஏரி உள்ளது. அதன் கரையில் சாய்ந்து நின்ற முதிய மரமொன்றை, இங்கிலாந்தில் பிறந்த ஒளிப்படக் கலைஞர் மைக்கேல் கென்னா 2002-இல் பனிக்காலத்தில் படமெடுத்தார். கிளையில் இலையில்லை, சுற்றிலும் வெண்மை. பின்னரும் பலமுறை அதைத் தேடிச் சென்றார். 2009-இல் அம்மரம் வெட்டப்பட்டது.

நாமோ நோயுற்றவரைப் படமெடுக்கத் தயங்குகிறோம். “முடி வளரட்டும், உடம்பு தேறட்டும்” என்கிறோம். அபசகுனம் என்று கருதுவோரும் உண்டு. அத்தயக்கத்தில் அன்பே இருக்கிறது. ஆயினும் எனக்கு உடன்பாடில்லை. பாட்டியின் மெலிந்த கையைப் பேரன் பற்றியிருப்பதும் அக்குடும்பத்தின் வரலாறுதானே?

படுக்கையில் இருப்பவர் இசைய வேண்டும். அவர் மறுத்தால் பேச்சு அத்துடன் முடிந்தது.

இசைந்தால், ஒரு சிறு நுட்பம். பனிவெளியின் வெண்மையைக் கண்டு கேமரா ஏமாந்து, படத்தை இருளச் செய்துவிடும். மருத்துவமனையின் வெள்ளை விரிப்பும் அவ்வாறே செய்யும். கைப்பேசித் திரையில் அவர் முகத்தைத் தொட்டு, வெளிச்சத்தைச் சற்றே கூட்டுங்கள். ஃபிளாஷ் வேண்டா, சன்னலோர ஒளி போதும். அடுத்த கட்டிலில் இருப்பவர் படத்துக்குள் வராமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.