செஞ்சிக்கு நடந்து போங்க!

செஞ்சிக்குப் போய்ட்டு வந்தேன்னு யாராவது சொன்னா, நான் கேட்கிற முதல் கேள்வி, "எங்கெல்லாம் நடந்தீங்க?" பெரும்பாலும் பதில், "ராஜகிரி ஏறுனோம், கல்யாண மகால் பார்த்தோம், கிளம்பிட்டோம்". தப்பில்லை. ராஜகிரி ஏறி இறங்குறதுக்குள்ள முட்டி கழண்டுடும் :-) ஆனா அது செஞ்சியில பாதி கூட இல்லைங்கறதுதான் என் கட்சி.

2025 ஜூலையில யுனெஸ்கோ பட்டியல்ல செஞ்சிக் கோட்டை சேர்ந்தது. மராட்டியப் படைத்தளங்கள்னு 12 கோட்டைகள். அதுல 11 மகாராஷ்டிராவுல, நம்மூர்ல இது ஒண்ணுதான். சந்தோஷமான விஷயம். 1677ல சிவாஜி பிடிச்ச கோட்டை, அவர் மகன் ராஜாராம் உள்ளே இருக்க, முகலாயப் படை 1690லேர்ந்து 1698 வரைக்கும் முற்றுகை போட்ட கோட்டை. ஆனா ஊருக்கு ஒரே ஒரு சீட்டு ஒட்டிட்டா, மத்ததெல்லாம் கண்ணுலேர்ந்து மறைஞ்சிடும். மராட்டியர் வர்றதுக்கு ஆயிரம் வருஷம் முன்னாடியே இந்தப் பாறைகள்ல ஆள் நடமாட்டம் இருந்திருக்கு மக்களே.

செஞ்சியிலேர்ந்து வடக்கே சிங்கவரம் போற பக்கம் நடந்தா, வழியில திருநாதர்குன்று. பெரிய பாறை ஒண்ணுல 24 தீர்த்தங்கரர்களை மேல் வரிசையில 12, கீழ் வரிசையில 12னு செதுக்கியிருக்காங்க. பக்கத்துலயே, 57 நாள் சாப்பிடாம இருந்து உயிர் விட்ட சந்திரநந்தி ஆசிரியரோட நினைவுக் கல்வெட்டு. தமிழ் எழுத்து வட்டெழுத்தா வளைஞ்சுக்கிட்டிருந்த காலத்தோடது. எழுத்தோட வரலாறு படிக்கிறவங்க தேடி வர்ற கல்வெட்டு. கோட்டைக்கு வர்ற பஸ் இங்க நிக்கிறதில்லை.

அப்புறம் சிங்கவரம். படியேறிப் போனா பல்லவர் குடைவரையில ரங்கநாதர் படுத்திருக்கார், மொத்தமும் ஒரே பாறை. தேசிங்கு ராஜா ஆற்காட்டு நவாப்போட சண்டைக்குக் கிளம்பினப்ப (1714), உத்தரவு கேட்டு வந்தானாம். பெருமாள், "போகாதே"ங்கற மாதிரி முகத்தைத் திருப்பிக்கிட்டாராம். அவன் போனான், செத்தான். கார்ல வந்து கேட்டா இது ஒரு தலபுராணம். கோட்டைக்கும் இந்தக் குன்றுக்கும் நடுவுல உள்ள தூரத்தைக் காலால அளந்துட்டுக் கேட்டா, மனசை மாத்திக்க அவனுக்கு வழி முழுக்க நேரம் இருந்துச்சேன்னு தோணும். எனக்குத் தோணிச்சு.

பக்கத்துலயே மேலச்சேரி. பழைய செஞ்சிம்பாங்க. அங்கயும் ஒரு குடைவரை, சிவனுக்கு. லிங்கத்தைக் கூட வெளியேர்ந்து கொண்டு வந்து வைக்காம, அதே பாறையிலயே விட்டுச் செதுக்கியிருக்காங்க. சமணம், வைணவம், சைவம் மூணும் ஒரு நாள் நடைக்குள்ள அடங்குது. நடுவுல கரும்பு, நெல்லு, ஆவாரம்பூ, ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கி வெச்ச மாதிரி குண்டுப்பாறைங்க.

சரி, மேட்டருக்கு வர்றேன். பாதை மறைஞ்சிக்கிட்டிருக்கு. ஒரு எடத்துல ஒத்தையடிப் பாதை திடீர்னு முள்வேலியில முட்டி நின்னுடுச்சு. ஆடு மேய்ச்சிக்கிட்டிருந்த ஆயா ஒருத்தங்க சிரிச்சாங்க. "நான் வாக்கப்பட்டு வந்தது இந்த வழியாத்தான் தம்பி. இப்ப சுத்திக்கிட்டுத்தான் போவணும்" அப்படின்னாங்க.

இங்கிலாந்துல கிராமப்புறத்துல நடக்கிறவங்க கொடுத்து வெச்சவங்க. 1949ல ஒரு சட்டம் போட்டு, ஒவ்வொரு கவுண்டியும் பொது நடைபாதைகளை வரைபடத்துல குறிச்சாகணும்னுட்டாங்க. தனியார் வயல் நடுவுல போனாலும் அது பொதுப்பாதை, மறிக்க முடியாது. இங்கிலாந்து, வேல்ஸ் சேர்த்து 2 லட்சம் கிலோமீட்டருக்கு மேல இருக்கு.

நம்ம கிட்ட இல்லையான்னா, இருக்கு! கிராம நிர்வாக அலுவலர் கிட்ட உள்ள 'அ' பதிவேட்டைப் புரட்டினா, புறம்போக்குல 'பாதை', 'வண்டிப்பாதை'ன்னு சர்வே நம்பரோட இருக்கும். காகிதத்துல இருக்கு, மண்ணுல இல்லை. அவ்ளோதான் வித்தியாசம்.

அதனால என் கருத்து: பெருமை வந்துடுச்சேன்னு செஞ்சியில மொதல்ல பெரிய பார்க்கிங் கட்ட வேணாம். கோட்டை, திருநாதர்குன்று, சிங்கவரம், மேலச்சேரி நாலையும் சேர்க்கிற பழைய பாதைகளை அந்தப் பதிவேட்டை வெச்சு அளந்து, கல்லு நட்டு, அம்புக்குறி போட்டாப் போதும். தார் வேணாம், டைல்ஸ் சத்தியமா வேணாம். செலவும் கம்மி, அந்த ஆயாவுக்கும் வழி திரும்பக் கிடைக்கும். நடக்க ஆள் இருந்தாத்தான் பாதை பாதையா இருக்கும், இல்லேன்னா அது யாரோ ஒருத்தரோட கொல்லை.

குளிர்காலத்துல போங்க. விடியக்காலையில கிளம்புங்க, தண்ணி ரெண்டு பாட்டிலாவது எடுத்துக்குங்க, குரங்குங்க கிட்ட பை ஜாக்கிரதை. போய்ட்டு வந்து எழுதுங்க. உங்க ஊர்க் குன்றுக்கும் இப்படி ஒரு பழைய பாதை இருந்தா, அதைப் பத்தியும் எழுதுங்க, வேலி விழறதுக்கு முன்னாடி.