பழைய எஞ்சினும் பழுத்த கைகளும்

முதலிபாளையத்தில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்காரர் 'சிட்கோ' தொழிற்பேட்டையில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறார். மூத்த பிள்ளை பாலிடெக்னிக் படிப்பை முடித்துவிட்டு, நிட்டிங் மிஷின் பிட்டராக வேலை பார்க்கிறான். வீட்டுக்குப் பின்புறம் ஒரு தகரக் கொட்டகை. அதற்குள் தென்னை மட்டை, கால் ஒடிந்த கட்டில், கிழிந்த கோணிச் சாக்கு. இத்தனைக்கும் அடியில் தாத்தா வாங்கிய 1970-ஆம் வருஷத்து அம்பாசிடர் கார்!

ஒரு நாள் ராத்திரி, பையன் செல்போனில் ஒரு படத்தைக் கொண்டுவந்து அம்மாவிடம் காட்டுகிறான். படத்தில் இருப்பதும் ஒரு பழைய கார்தான். ஆனால் மட்கார்டைக் காணோம், பானெட்டைக் காணோம், எஞ்சின் வெட்ட வெளியில் பளபளவென்று மின்னுகிறது.

"அப்பாரு காரை இப்படித்தாம்மா பண்ணப் போறேன். இதுக்குப் பேரு ஹாட் ராட்."

"காசு போட்டு மூடி வெச்ச சாமானை நீ எதுக்குடா கண்ணு பிரிச்சுப் போடறே?" என்கிறாள் தாயார்.

தாயார் கேட்பது நியாயம். பையனுடைய ஆசையும் குற்றமல்ல. இருவருக்கும் நடுவிலே நின்று தீர்ப்புச் சொல்லத் தகுந்தவர்கள் நம் பக்கத்தில் இருக்கிறார்கள். நாற்பது ஐம்பது வருஷமாக எஞ்சினோடு குடித்தனம் நடத்தும் பட்டறைக்காரர்களைத்தான் சொல்கிறேன். அவர்களிடம் போவதற்கு முன், இந்த ஹாட் ராட் என்பது என்ன என்று கொஞ்சம் தெரிந்துகொள்ளலாம்.

* * *

இது அமெரிக்கப் பிள்ளைகளின் கண்டுபிடிப்பு. 1932-இல் போர்டு கம்பெனி எட்டு சிலிண்டர் எஞ்சின் வைத்த காரைச் சாதாரண ஜனங்கள் வாங்கக்கூடிய விலையில் விற்றது. 65 குதிரை சக்தி. அந்தக் காலத்துக்கு அது ரொம்பப் பெரிய விஷயம். சில வருஷங்கள் ஓடிய பிறகு அந்தக் கார்கள் பழைய சாமான் கடைகளில் மலிவாகக் கிடைத்தன. கையில் காசில்லாத இளைஞர்கள் அவற்றை வாங்கினார்கள். பாரம் குறைய வேண்டுமென்று மட்கார்டைக் கழற்றி எறிந்தார்கள். ஒரு கார்புரேட்டர் இருந்த இடத்தில் இரண்டு, மூன்று வைத்தார்கள். கலிபோர்னியாவில் வறண்டு கிடந்த ஏரிகளின் தரையில் ஓட்டிப் பார்த்தார்கள். 1937-இலேயே அங்கே அவர்களுக்கு ஒரு சங்கம் உண்டாகிவிட்டது. யுத்தம் முடிந்து சிப்பாய்கள் ஊர் திரும்பியதும் இந்தப் பைத்தியம் தேசம் முழுவதும் பரவியது. 1948-இல் இதற்கென்றே ஒரு பத்திரிகையும் பிறந்தது.

அந்த போர்டு எஞ்சினில் ஒரு குறை உண்டு. எரிந்த புகை வெளியே போகும் பாதை, எஞ்சினின் வயிற்றுக்குள்ளேயே சுற்றிக்கொண்டு போகும். ஆகையால் சீக்கிரம் சூடேறிவிடும். அதை எப்படிச் சமாளிப்பது என்பது பெரும்பாலும் கையோடு கையாக வந்த வித்தை. இன்றைக்கும் அமெரிக்காவில் பழைய முறையில் ஹாட் ராட் கட்ட நினைக்கிற பையன், முதலில் ஒரு கிழவரைத் தேடிக்கொண்டுதான் போகிறான்.

* * *

"அதெல்லாம் அமெரிக்கா, ஐயா! இங்கே யார் இருக்கிறார்கள்?" என்று கேட்காதீர்கள். திருப்பூரிலிருந்து சுமார் 50 கிலோமீட்டர் மேற்கே போனால் கோயமுத்தூர். எஞ்சினைப் பிரித்துப் பார்த்தே மேதையான ஒருவர் வாழ்ந்த ஊர் அது.

ஜி. டி. நாயுடு 1893-இல் கோவையை அடுத்த கலங்கல் கிராமத்தில் பிறந்தவர். பள்ளிக்கூடத்துக்கும் அவருக்கும் ஒத்துவரவில்லை. ஒரு வெள்ளைக்கார அதிகாரி ஏறிவந்த மோட்டார் சைக்கிளைக் கண்டார், ஆசை பிடித்துக்கொண்டது. கோவையில் ஓட்டல் சர்வராக வேலை பார்த்துப் பணம் சேர்த்து, 'ரட்ஜ்' என்ற அந்த வண்டியை வாங்கினார். வாங்கி என்ன செய்தார்? ஓட்டித் திரிவதோடு நிற்கவில்லை. ஆணி ஆணியாகப் பிரித்துப் போட்டு, மறுபடியும் பூட்டினார். 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவே ஒரே ஒரு பஸ்ஸைத் தாமே ஓட்ட ஆரம்பித்தார். அதிலிருந்து பெரிய பஸ் கம்பெனி ஒன்று வளர்ந்தது. 1974-இல் அவர் காலமானார். அவர் குடும்பத்தார் பழைய கார்களையெல்லாம் சேர்த்து அவினாசி ரோட்டில் ஒரு கண்காட்சி சாலையே அமைத்தார்கள். பையனை அழைத்துக்கொண்டு ஒரு தடவை போய் வாருங்கள். நூறு புத்தகத்துக்குச் சமானம்.

இரண்டாவது மகாயுத்தத்தின்போது பெட்ரோலுக்குப் பஞ்சம் வந்ததே, அப்போது நம் பஸ்கள் எப்படி ஓடின தெரியுமா? அடுப்புக் கரியை எரித்து, அதிலிருந்து வரும் வாயுவை எஞ்சினுக்குள் செலுத்தி ஓட்டினார்கள். பஸ்ஸின் முதுகில் உருளை உருளையாக ஒரு கரி அடுப்பு. கிளீனர் அதை ஊதிச் சூடேற்றிய பிறகுதான் வண்டி நகரும். மேடு வந்தால் பிரயாணிகள் இறங்கித் தள்ளுவதும் உண்டு! பெட்ரோலுக்கென்று பிறந்த எஞ்சினைக் கரிப் புகைக்குப் பழக்கியவர்கள் நம் ஊர்ப் பட்டறைக்காரர்கள்.

வேகத்துக்கும் நம்மிடம் ஆட்கள் இருந்தார்கள். சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் யுத்த காலத்து விமான தளம் ஒன்று உண்டு. 1950-களிலிருந்து அங்கே கார்ப் பந்தயம் நடந்தது. வீட்டுக் காரையே இழைத்துச் செதுக்கிப் பந்தயத்துக்குக் கொண்டுவந்தவர்கள் அநேகம். கோவையைச் சேர்ந்த கரிவரதன் அந்தப் பரம்பரையில் வந்தவர். 1980-களின் கடைசியில், மாருதி 800 காரின் 796 சி.சி. எஞ்சினை எடுத்து, ஒருவர் மட்டும் உட்காரக்கூடிய பந்தயக் காருக்குள் வைத்தார். குறைந்த செலவில் இளைஞர்கள் பந்தயம் பழக 'பார்முலா மாருதி' வழி திறந்தது. 1995-இல் விமான விபத்தில் அவர் உயிர் துறந்தார். பிற்பாடு செட்டிப்பாளையத்தில் எழுந்த பந்தயத் தடத்துக்கு அவர் பெயரையே சூட்டினார்கள்.

* * *

சரி, நம் முதலிபாளையத்துப் பையன் ஆவாரம்பாளையத்திலோ கணபதியிலோ ஒரு லேத் பட்டறைக்குப் போய் நிற்கிறான் என்று பாவித்துக்கொள்வோம். உள்ளே வெள்ளைத் தலையுடன் ஒரு மேஸ்திரி.

"ஏந் தம்பி, வண்டி ஓடணுமா, நிக்கணுமா?"

"ஓடணுமுங்க. வேகமா ஓடணும்."

"அப்பச் செரி. மொதல்ல நிக்கறதுக்கு வழி பண்ணிட்டு வா, ஓடறதைப் பத்திப் பேசலாம்."

எந்த ஊர் மேஸ்திரியானாலும் முதல் பாடம் இதுதான். வேகம் இரண்டு மடங்கானால், பிரேக் பிடித்து வண்டி நிற்கும் தூரம் நாலு மடங்காகிறது. அந்தக் கால அம்பாசிடருக்கு நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். அதுவும் அந்த எஞ்சினின் வேகத்துக்கு ஏற்ற அளவு. பெரிய எஞ்சினை வைத்துவிட்டு, பழைய பிரேக்கை நம்பினால் தாயார் பயப்படுவதில் தவறே இல்லை. பிரேக், ஸ்டீயரிங், டயர், அப்புறம்தான் எஞ்சின் என்பது பெரியவர்கள் வகுத்த வரிசை.

இரண்டாவது பாடம், பொறுமை. பல வருஷம் நின்ற எஞ்சினை, பாட்டரி மாட்டி உடனே ஸ்டார்ட் செய்யக் கூடாது. சிலிண்டருக்குள் துரு இருக்கும். பிஸ்டன் வளையம் ஒட்டிக்கொண்டிருக்கும். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் எண்ணெய் விட்டு ஓரிரு நாள் ஊறவிட வேண்டும். பிறகு கையால் மெள்ளச் சுற்றிப் பார்க்க வேண்டும். சுற்றவில்லையென்றால் பலவந்தம் கூடாது. பழைய எண்ணெயை வடித்து, பெட்ரோல் டாங்கைக் கழுவி, எலி கடித்த வயர்களை மாற்றிய பிறகே சாவியைத் தொடலாம்.

கைப்பிடி போட்டுச் சுற்றும் வண்டியாயிருந்தால், கட்டை விரலை மற்ற நாலு விரல்களின் பக்கமே வைத்துக்கொள்ள வேண்டும். எஞ்சின் பின்னுக்கு உதைத்தால் கைப்பிடி விரலைவிட்டு நழுவிப் போகும். இல்லையானால் விரல் போய்விடும். தோட்டத்துக் கிணற்றடியில் ஆயில் எஞ்சின் சுற்றிய நம் தாத்தாக்களுக்கெல்லாம் இது தெரியும். அதை இப்போது யார் சொல்லித் தருகிறார்கள்?

மூன்றாவது பாடம், வரிசை. பிரித்த சாமானை ஒரே கூடையில் கொட்டக் கூடாது. எந்த பேரிங் மூடி எந்த இடத்தது, எந்தத் தள்ளுகோல் எந்த வால்வுக்குரியது என்று அடையாளம் போட்டுவைக்க வேண்டும். வருஷக் கணக்காக ஒன்றோடு ஒன்று தேய்ந்து பழகிய ஜோடிகளைப் பிரித்துச் சேர்த்தால் எஞ்சின் பொறுக்காது. ஹெட்டை மறுபடி பூட்டும்போது, நடுவிலிருந்து ஓரத்துக்காக, நாலைந்து தவணையாக முடுக்க வேண்டும். ஓரத்திலிருந்து ஒரே மூச்சில் முடுக்கினால் ஹெட் கோணிக்கொள்ளும். தையல் மிஷினைப் பிரித்துப் பூட்டிய பெண்மணிகளுக்கு இந்த வரிசையின் அருமையை நான் சொல்ல வேண்டியதில்லை.

பெரியவர்களுக்குத் தெரிந்ததோடு இந்தக் காலத்து விஷயங்கள் இரண்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த நாள் பெட்ரோலில் ஈயம் கலந்திருந்தது. வால்வு உட்காரும் இடம் தேயாமல் அதுவே காத்தது. 2000-ஆம் வருஷத்தோடு நம் நாட்டில் ஈயப் பெட்ரோல் நின்றுவிட்டது. ஆகவே ஹெட்டைப் பிரிக்கும்போதே, கடினமான உலோகத்தில் வால்வு ஸீட் போட வேண்டுமா என்று லேத்காரரைக் கேட்டுவிட வேண்டும். 2025-க்குள் 20 சதவிகிதம் எதனால் கலந்த பெட்ரோலும் நாடெங்கும் வந்துவிட்டது. பழைய ரப்பர் குழாய்க்கும் கார்புரேட்டர் வாஷருக்கும் அது ஒத்துக்கொள்ளாது. புதிய ரகம் மாற்றுவதற்கு அதிகச் செலவில்லை. மாற்றாமல் பெட்ரோல் ஒழுகித் தீப்பிடித்தால் நஷ்டத்துக்கு அளவில்லை.

* * *

சட்டத்தையும் கேட்டுக்கொள்ள வேண்டும். ரோட்டில் ஓடும் வண்டியின் உருவத்தையும் எஞ்சினையும் இஷ்டப்படி மாற்ற நம் நாட்டில் அனுமதி இல்லை. கம்பெனி வகுத்த அமைப்பிலிருந்து மாறும்படி வண்டியைத் திருத்தக் கூடாது என்று 2019-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகவே சொல்லிவிட்டது. மட்கார்டைக் கழற்றி, வேறு எஞ்சின் வைத்து, காங்கயம் ரோட்டில் ஓட்ட முடியாது.

ஆனால் இன்னொரு கதவு திறந்திருக்கிறது. 50 வருஷத்துக்கு மேற்பட்டு, அசல் உருவம் மாறாமல் இருக்கும் கார்களையும் மோட்டார் சைக்கிள்களையும் 'விண்டேஜ்' என்று தனியாகப் பதிவு செய்ய 2021-இல் மத்திய அரசாங்கம் விதி செய்தது. கண்காட்சிக்கும் பழைய கார் ஊர்வலத்துக்கும் கொண்டுபோகலாம். தினசரி சவாரிக்கு அல்ல. தாத்தாவின் கார் இதற்குத் தகுதியானது. பையன் இன்றைக்கு ரம்பத்தை எடுத்து மட்கார்டை அறுத்தால், நாளைக்கு அந்தத் தகுதி போயிற்று. எத்தனை ரூபாய் கொடுத்தாலும் திரும்பி வராது.

வேக ஆசைக்கு என்ன வழி? பந்தயத் தடம் இருக்கிறது. சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் 1990-இலிருந்து ஒன்று உண்டு. அமெரிக்காவிலும் இப்படித்தான் நடந்தது. தெருவில் பந்தயம் விட்டுப் பிள்ளைகள் உயிரை விட்டபோது, 1951-இல் பெரியவர்கள் ஒரு சங்கம் கூட்டி, பந்தயத்தைத் தெருவிலிருந்து தடத்துக்குக் கொண்டுபோனார்கள். தாத்தா காரை அசலாகவே புதுப்பிக்கட்டும். வேகம் வேண்டுமானால் தடத்துக்கென்று வேறொரு வண்டி கட்டட்டும்.

* * *

இனி, பெரியவர்களிடம் கேட்பது எப்படி? அதற்கும் ஒரு முறை இருக்கிறது.

'என் வண்டி சரியில்லை, என்ன செய்யலாம்?' என்று வெறுங்கையோடு போனால், 'கொண்டு வா, பார்க்கலாம்' என்பதோடு பேச்சு முடிந்துவிடும். கழற்றிய பாகத்தைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போக வேண்டும். 'இந்த இடத்தில் இவ்வளவு தேய்ந்திருக்கிறது, அளந்து பார்த்தேன். ரீபோர் செய்யலாமா, ஸ்லீவ் போடலாமா?' என்று கேட்டால் அவருடைய முகமே மலர்ந்துவிடும். நிட்டிங் மிஷினில் ஓர் ஊசி பழுதானால் துணி நெடுகக் கோடு விழும்; அதைக் கண்டுபிடிக்கத் தெரிந்த பையனுக்கு இப்படிக் கேட்கத் தெரியாதா?

செல்போனை நீட்டி, 'இதிலே இப்படிச் சொல்கிறார்களே' என்று தர்க்கம் செய்ய வேண்டாம். இரண்டு மேஸ்திரிகள் இரண்டு விதமாகச் சொன்னால் குழம்பவும் வேண்டாம். ஏன் என்று இருவரையும் கேட்டு, காரணத்தை எழுதிக்கொள்ளட்டும். அவர் வேலையைச் செய்யும்போது ஸ்பேனர் எடுத்துக் கொடுத்துக்கொண்டு நிற்கட்டும். வாயால் சொல்லாத பாதி வித்தையைக் கை சொல்லிவிடும்.

தாய்மார்களுக்கும் ஒரு வார்த்தை. 'கூடாது' என்று ஒரேயடியாகச் சொல்லிவிட்டால், பையன் உங்களுக்குத் தெரியாமல் செய்வான். கொட்டகைக்கு நாலு சட்டம் போடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுக்கக் கூடாது. கெட்டியான ஸ்டாண்டு வைத்த பிறகுதான். கதவை அடைத்துக்கொண்டு எஞ்சினை ஓட்டக் கூடாது. அந்தப் புகைக்கு வாசனை தெரியாமலே ஆளைக் கொல்லும் குணம் உண்டு. பெட்ரோல் டப்பா சமையலறைப் பக்கம் வரக் கூடாது. மாசச் செலவுக்கு ஒரு கணக்கு நோட்டு இருக்க வேண்டும்.

அந்த நோட்டின் பின்பக்கத்தில் மேஸ்திரி சொன்னதையெல்லாம் தேதி போட்டு எழுதச் சொல்லுங்கள். கரி பஸ் ஓட்டியவர்கள் ஏறக்குறைய எல்லோரும் போய்விட்டார்கள்; அவர்கள் சொன்னதை யாரும் எழுதி வைக்கவில்லை. இன்று எழுபதைத் தாண்டிய மேஸ்திரிகள் பட்டறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். பையனுக்கு ஞாயிற்றுக்கிழமை லீவுதானே? டீக்குக் காசு கொடுத்து அனுப்புங்கள், மேஸ்திரிக்கும் சேர்த்து.